மயிலத்தில் இறங்கிய சைக்கிள்

என்னுடையது லேடீஸ் சைக்கிள். ஊருக்கே தெரிந்த விஷயம்தான். கேலி செய்தவர்கள் எல்லாம் செய்து ஓய்ந்துவிட்டார்கள். குறுக்குக் கம்பி வைத்த சைக்கிளில் என்னால் காலைத் தூக்கிப் போட முடியாது. சிறுவயதில் வந்த இளம்பிள்ளை வாதம் இடது காலை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டுப் போனது. கால் இருக்கிறது, பேருக்கு. நடக்க வேண்டுமென்றால் இடது கையை இடது முட்டியில் ஊன்றிக் குனிந்து, ஒவ்வோர் அடிக்கும் தரையைக் கும்பிடுவதுபோல நடக்க வேண்டும். அப்படி நடப்பதை மற்றவர்கள் பார்ப்பது எனக்குப் பிடிக்காது. பிடிக்காது என்பதுகூடக் குறைத்துச் சொல்வதுதான். அந்த நடையை யாரும் பார்க்கக் கூடாது என்பதற்காகவே என் பாதி வாழ்க்கையை நான் அமைத்துக்கொண்டேன்.

சைக்கிளில் ஏறி உட்கார்ந்துவிட்டால் கதை வேறு. வலது பெடலில் பழைய செருப்பின் வாரைத் தைத்து வைத்திருக்கிறேன். அதற்குள் பாதத்தை நுழைத்துக்கொண்டு, மிதிப்பதும் மேலே இழுப்பதும் அந்த ஒரு காலாலேயே நடக்கும். இடது கால் ஓர் இரும்புத் துண்டின் மேல் சும்மா உட்கார்ந்து வரும். கீழே இறங்கி உருட்டும்போது ஹேண்டில்பார் மேல் சாய்ந்துகொள்வேன். பார்க்கிறவர்களுக்கு யாரோ ஓர் ஆள் சைக்கிளை உருட்டிக்கொண்டு போவதாகத்தான் தெரியும். உண்மையில் அதுதான் என்னை உருட்டிக்கொண்டு போகும்.

அந்தச் சைக்கிளுக்குப் பூட்டு கிடையாது. கோட்டக்குப்பத்தில் ஒரு குடும்பம் வளைகுடாவுக்குக் கிளம்பும்போது விற்ற வண்டி அது. வாங்கும்போதே பூட்டு உடைந்திருந்தது. நான் புதிதாக மாட்டவில்லை. அதைத் தனியாக நிறுத்திவிட்டு நான் எங்கே போகப்போகிறேன்? போனால்தானே பூட்டு வேண்டும்.

வீடு திண்டிவனத்துக்குக் கிழக்கே, மரக்காணம் சாலையை ஒட்டிய ஒரு கிராமத்தில். வேலை விழுப்புரத்தில், அழைப்பிதழ் அச்சடிக்கும் ஒரு கடையில். கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாவற்றிலும் பிழை பார்ப்பது என் பொறுப்பு. வீட்டிலிருந்து திண்டிவனம் ஸ்டேஷனுக்குச் சைக்கிள். அங்கிருந்து பாசஞ்சர் ரயில். விழுப்புரத்தில் இறங்கிக் கடைக்கு மறுபடியும் சைக்கிள். இரண்டும் ஒரே சைக்கிள் என்பதுதான் என் வாழ்க்கையின் சிக்கல்.

"இங்க ஒண்ணு, அங்க ஒண்ணு வச்சிக்க வேண்டியதுதானே?" என்று கேட்காதவர்கள் கிடையாது. வேலைக்குப் போகிற பல பேர் அப்படித்தான் செய்கிறார்கள், இரண்டு ஊரிலும் ஸ்டாண்டில் ஒவ்வொரு சைக்கிள். அவர்களுக்கு அது போதும். ஸ்டாண்டுக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவில் இருப்பதை அவர்கள் கால்கள் கணக்கிலேயே எடுத்துக்கொள்வதில்லை. விழுப்புரம் பெரிய ஜங்ஷன். வண்டி எந்தப் பிளாட்பாரத்தில் வரும் என்பது அன்றன்றைக்குத்தான் தெரியும். மேம்பாலப் படிக்கட்டு என்னைப் போன்றவனுக்கு மலை ஏறுவது மாதிரி. பார்சல் தள்ளுவண்டிகள் போவதற்காகப் பிளாட்பாரத்தின் கடைசியில் தண்டவாளத்துக்குக் குறுக்கே ஒரு சமதளப் பாதை உண்டு. அங்கிருக்கிற ஊழியர்கள் என்னைப் பார்த்துப் பழகிவிட்டதால், சிக்னல் பார்த்துக் கையசைத்து விடுவார்கள். அந்தப் பாதைவரை போய்ச் சேரவே எனக்குச் சைக்கிள் வேண்டும். ஆகவே சைக்கிளும் ரயில் ஏற வேண்டும்.

அரசாங்கம் கொடுத்த மூன்று சக்கர வண்டி ஒன்றும் வீட்டில் இருக்கிறது. அதன்மேல் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, காயவைக்கிறோம். அதை ரயிலில் ஏற்ற வேண்டுமென்றால் ரயிலின் கதவை இடித்துக் கட்ட வேண்டும்.

விதிப்படி சைக்கிள் ஒரு பார்சல். சாக்குச் சுற்றி, ஊர்ப்பெயர் எழுதிக் கட்டி, பார்சல் ஆபீசில் பதிவு செய்து, சரக்குப் பெட்டியில் ஏற்ற வேண்டும். வருஷத்துக்கு ஒரு தடவை ஊர் மாறிப் போகிறவனுக்கு அது சரி. தினமும் காலையில் போய்ச் சாயந்தரம் திரும்புகிறவன் தன் காலைச் சாக்கில் கட்டிப் பதிவு செய்ய முடியுமா? இதை நான் கேட்காத ஆள் இல்லை. மனுவும் எழுதினேன். சரக்குப் பெட்டியில் சைக்கிளை மாட்ட நாலு கொக்கி, மேம்பாலத்துக்குப் படியோடு ஒரு சாய்தளம், ஒரு பிளாட்பாரத்திலிருந்து இன்னொன்றுக்கு உருட்டிக்கொண்டு போக ஒரு வழி. இவ்வளவுதான் கேட்டேன். பால்காரர், கொத்தனார், கல்லூரிப் பிள்ளைகள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் கேட்டேன். பரிசீலிப்பதாகப் பதில் வந்தது. இன்னும் பரிசீலித்துக்கொண்டே இருக்கிறார்கள்.

அதுவரைக்கும் நானாக ஓர் ஏற்பாடு செய்துகொண்டேன். வண்டியின் கடைசியில் கார்டு அறைக்குப் பக்கத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான சின்னப் பெட்டி ஒன்று உண்டு. கதவு அகலம். உள்ளே நுழைந்தவுடன் சக்கர நாற்காலி நிற்பதற்கென்று ஓர் இடம் காலியாக விட்டிருப்பார்கள். அந்த இடத்தில் சைக்கிளை நிறுத்தி, ஹேண்டிலைத் திருப்பி, ஜன்னல் கம்பியோடு கயிற்றால் கட்டிவிடுவேன். கார்டுகளுக்கு இப்போது வேறு பதவிப் பெயர் வைத்துவிட்டார்களாம். எங்களுக்கு இன்னும் கார்டுதான். முதல் நாள் அவர்களில் ஒருவர் வந்து, "இன்னாங்க இது, சைக்கிள ஏத்தியிருக்கீங்க?" என்றார். "சைக்கிள் இல்லீங்க, காலு" என்றேன். கொஞ்ச நேரம் என் காலைப் பார்த்தார். "சரி, ஆடாம கட்டி வைங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்தப் பெட்டியில் தினமும் என்னோடு வருகிறவர் ஒரு வியாபாரி. பின்னூசி, காதுகுடையும் பஞ்சு, அடையாள அட்டைக்கு உறை இவற்றை ஓடுகிற வண்டியில் விற்பவர். கண் தெரியாது. திண்டிவனத்தில்தான் ஏறுவார். என் சைக்கிளின் செயின் கவர் உரசும் சத்தம் கேட்டதுமே, "சார் வந்துட்டாரு, வழி உடுங்க" என்று குரல் கொடுப்பார். ஏறி உட்கார்ந்ததும் சரக்குப் பையை என் ஹேண்டில்பாரில் மாட்டிவிடுவார். மயிலம் தாண்டினதும் எடுத்துக்கொண்டு வியாபாரத்துக்குக் கிளம்பிவிடுவார். கை அந்த இடத்துக்குத் தானாகப் போகும், தடவிப் பார்க்கவே மாட்டார்.

இந்த ஏற்பாட்டுக்கும் சோதனை வராமல் இல்லை. புதிதாக வந்த ஒரு டிக்கெட் பரிசோதகர் சைக்கிளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இத யாரு ஓட்டறது?"

"நான்தான்."

"சைக்கிள் ஓட்டற ஆளுக்கு இந்தப் பெட்டில இன்னா வேல?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. வேட்டியை முட்டிவரை தூக்கிக் காலைக் காட்டினேன். அப்படி எவருக்கும் காட்டினவனில்லை நான். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அதான் ஓட்டறீங்களே" என்று மறுபடியும் அதையே சொன்னார். அடுத்த தடவை சைக்கிள் இங்கே நின்றால் இறக்கிவிடுவேன் என்றும் சொல்லிவிட்டுப் போனார். வியாபாரி என் தோளைத் தொட்டு, "உடுங்க சார், பேஜாரு" என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் பயந்துகொண்டேதான் ஏறினேன். சைக்கிளை இறக்கிவிட்டால் விழுப்புரத்து வேலை போயிற்று. வேலை போனால் வீட்டோடு உட்கார வேண்டியதுதான். அந்த மூன்று சக்கர வண்டியில் மல்லாட்டையோடு நானும் காய வேண்டியதுதான்.

கடைசியில் சைக்கிளை இறக்கியது அவரில்லை. நானேதான்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டிருந்த ஒரு காலை. மயிலத்தில் வண்டி நின்றதும் எங்கள் பெட்டிக் கதவுக்கு நேராக ஒருவர் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார். தலையில் துண்டு, காலில் சேறு, பார்த்தாலே கழனியிலிருந்து வருகிறவர். நாற்காலியில் அவர் மகள், இருபத்தைந்து வயது இருக்கலாம். மடியில் ஒரு கைப்பை, அதன்மேல் பிளாஸ்டிக் தாள் போர்த்திய சாப்பாட்டு டப்பா. அங்கே பிளாட்பாரம் தாழ்வு, பெட்டி உயரம். அவர் மகளை அப்படியே இரண்டு கையாலும் தூக்கி, ஏறி, சீட்டில் உட்காரவைத்தார். மறுபடியும் இறங்கி நாற்காலியைத் தூக்கினார். மடக்க முடியாத இரும்பு நாற்காலி. பாதி உள்ளே வந்து, என் சைக்கிளில் இடித்து நின்றது.

நாற்காலிக்கான இடத்தில் சைக்கிள் நிற்கிறது. அந்த ஸ்டேஷனில் வண்டி ஒரு நிமிஷம் நின்றால் அதிகம். கார்டு பச்சைக் கொடியைக் கையில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"சார், மொத நாளு வேலைக்குப் போறேன்" என்றாள் அந்தப் பெண், என்னைப் பார்த்து. கெஞ்சவில்லை. சும்மா தகவல் சொல்கிற மாதிரி சொன்னாள்.

நான் கயிற்றை அவிழ்த்தேன். எப்படி அவிழ்த்தேன் என்று கேட்டால் தெரியாது. அந்த முடிச்சு தினமும் என் பொறுமையைச் சோதிக்கும், அன்றைக்கு ஓர் இழுப்பில் வந்துவிட்டது. "இத கொஞ்சம் கீழ புடிங்க" என்று சைக்கிளைப் பின்பக்கமாகத் தள்ளினேன். அப்பன்காரர் நாற்காலியை வாசலிலேயே விட்டுவிட்டுச் சைக்கிளை வாங்கிக் கீழே இறக்கினார். வியாபாரி சத்தத்தை வைத்தே எழுந்துவந்து நாற்காலியைப் பிடித்து உள்ளே இழுத்தார். அதற்குள் ஹாரன் அடித்து வண்டி நகர ஆரம்பித்துவிட்டது.

சைக்கிளைக் கீழே போட்டுவிட்டுத் தாவி ஏறியிருக்கலாம் அவர். ஏறவில்லை. அதை உருட்டிக்கொண்டே வண்டியோடு சில அடி ஓடிவந்தார். பிறகு நின்றுவிட்டார். மழையில் என் சைக்கிளைப் பிடித்தபடி அவர் நிற்பது வளைவு வரைக்கும் தெரிந்தது.

சைக்கிள் மட்டும் கீழே நிற்க வேண்டியது, அப்பனும் சேர்ந்தே நின்றுவிட்டார். மகள் வண்டியில், நானும் வண்டியில். எனக்குக் கோபம் வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

அவள் என் இடது காலைப் பார்த்தாள், பிறகு என் முகத்தை.

"சைக்கிள் இல்லாம எப்படி சார் போவீங்க?"

"அதத்தாம்மா யோசிச்சிக்கினு இருக்கேன்."

"எங்கப்பா இல்லாம எப்படி போறதுன்னு நானும் யோசிச்சிக்கினு இருக்கேன்" என்றாள்.

வியாபாரி சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் போனை எடுத்து அப்பாவைக் கூப்பிட்டாள். "அப்பா, நான் போய்க்கிறேன், நீ பயப்படாத. சைக்கிள மட்டும் எங்கியும் உட்டுட்டுப் போயிடாத. அது அவுரு காலு" என்றாள். நான் அவளிடம் அப்படிச் சொல்லவே இல்லை. பார்த்தே தெரிந்துகொண்டிருக்கிறாள்.

விழுப்புரத்தில் வண்டி மேம்பாலத்துக்கு அந்தப் பக்கப் பிளாட்பாரத்தில்தான் போய் நின்றது. கூட வந்தவர்கள் நாற்காலியை இறக்கி, அவளைத் தூக்கி உட்காரவைத்துவிட்டு, அவரவர் வேலைக்கு ஓடினார்கள். நான் கதவுக் கம்பியைப் பிடித்து இறங்கி ஒரு தூணில் சாய்ந்து நின்றேன்.

"வாங்க சார், தள்ளுங்க."

"நடக்கவே வராதும்மா எனக்கு. உன்ன எங்கேருந்து தள்றது?"

"புடிச்சிப் பாருங்க" என்றாள்.

நாற்காலியின் பின்னால் இரண்டு கைப்பிடிகள். ஏறக்குறைய என் ஹேண்டில்பாரின் உயரம். பிடித்தேன். உடம்பின் பாரத்தை அதன்மேல் போட்டேன். அவள் உட்கார்ந்திருந்ததால் நாற்காலி பின்னால் சாயவில்லை, கனமாக நின்றது. வலது காலை வைத்து உந்தினேன். சக்கரம் உருண்டது. இடது கால் தானாக இழுபட்டு வந்தது. குனிய வேண்டியிருக்கவில்லை.

பிளாட்பாரம் நெடுகப் போனோம். கடைசியில் சரிவு. அங்கே நாற்காலி என்னை இழுத்துக்கொண்டு ஓடப் பார்த்தது. அவள் கையில் பழைய சாக்ஸ் மாட்டியிருந்தாள், விரல் பக்கம் வெட்டியது. இரண்டு உள்ளங்கையாலும் சக்கரத்தை அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்தாள். தண்டவாளத்தின் இடைவெளியில் முன்சக்கரம் மாட்டிக்கொண்டது. "திருப்பி இழுங்க சார், பெரிய சக்கரம் மாட்டாது" என்றாள். திருப்பி இழுத்தேன், வந்துவிட்டது. எதிர்ப்பக்க ஏற்றத்தில் எனக்கு மூச்சு வாங்கியது, அங்கே அவளே கையால் சக்கரத்தைத் தள்ளினாள். யார் யாரைக் கூட்டிக்கொண்டு போகிறோம் என்று எங்களைப் பார்த்தவர்களுக்கு விளங்கியிருக்காது. எனக்கே விளங்கவில்லை.

பழைய பஸ் ஸ்டாண்டு போகிற வழியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர். அங்கேதான் அவளுக்கு வேலை, ஆன்லைன் விண்ணப்பங்களை நிரப்பித் தருவது. வாசலில் விட்டேன். உரிமையாளர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அவள் நன்றி எதுவும் சொல்லாமல், "சாயந்தரம் எந்த வண்டி சார்?" என்று மட்டும் கேட்டாள். நான் ஆட்டோ பிடித்துக் கடைக்குப் போனேன். அன்றைக்கு ஓர் அழைப்பிதழில் மாப்பிள்ளை பெயரில் இருந்த பிழையையே கவனிக்காமல் விட்டுவிட்டேன். மனசெல்லாம் மயிலத்தில் இருந்தது. பூட்டுகூட இல்லாத சைக்கிள். மழை. முன்பின் தெரியாத ஆள். அவர் அதைச் சுவரோரம் சாய்த்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார், யாரோ ஒருவன் ஏறி மிதித்துக்கொண்டு போயிருப்பான். அதற்குமேல் யோசிக்கப் பயமாக இருந்தது.

சாயந்தரம் அவளைத் தள்ளிக்கொண்டு வந்து, பக்கத்தில் நின்றவர்கள் தூக்கிவிட, எங்களுக்கான பெட்டியில் ஏறினோம். மயிலம் நெருங்கும்போது கதவருகே போய் நின்றேன்.

அவர் அங்கேயே இருந்தார். காலையில் விட்ட இடத்துக்கு எதிர்ப் பிளாட்பாரத்தில், கூரைக்குக் கீழே. சைக்கிள் கூரைக்கு நடுவில் நனையாமல் நின்றது, அவர் ஓரத்தில் பாதி நனைந்து நின்றார். ஒரு கை ஹேண்டிலில்.

மகளை இறக்கினார், நாற்காலியை இறக்கினார், சைக்கிளைத் தூக்கி என் கையில் கொடுத்தார். சீட்டைத் துடைத்திருந்தார், ஈரமே இல்லை.

"காலையிலேர்ந்து இங்கியேவா இருந்தீங்க?" என்றேன்.

"பூட்டு இல்லீங்களே இதுல."

"வூட்டுக்கு உருட்டிக்கினு போயிருக்கலாமே."

"போயிருக்கலாம். நடுவுல நீங்க வேற வண்டி புடிச்சி வந்துட்டா? கழனில கள எடுக்க ஆளு உட்டிருந்தேன், போன்லயே சொல்லிட்டேன்." பிறகு என்னவோ தப்புச் செய்தவர்போலச் சொன்னார்: "உங்க காலுன்னு பொண்ணு சொல்லிச்சு. காலப் போயி எப்படிங்க உட்டுட்டுப் போறது."

இத்தனை வருஷம் எத்தனையோ பேரிடம் வாய் வலிக்கச் சொல்லியிருக்கிறேன் இதை. சிரித்தார்கள், பரிதாபப்பட்டார்கள், சட்டம் சொன்னார்கள். சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டு ஒருவர் நாள் முழுக்க நின்றது அதுதான் முதல் தடவை.

ஹாரன் அடித்தது. "நாளைக்கி எப்படிங்க?" என்றார்.

அந்தக் கேள்வி காலையிலிருந்தே எனக்குள் நின்றுகொண்டிருந்தது. இடம் ஒன்றுதான். அது நாற்காலிக்கு விட்ட இடம்.

"பொண்ண ஏத்தி உட்டா போதும், நீங்க வர வேணாம். அங்க நான் கூட்டிக்கினு போறேன்."

"அப்ப சைக்கிளு?"

வண்டி நகர்ந்துவிட்டது.

திண்டிவனத்தில் இறங்கியதும் நேராகச் சைக்கிள் கடைக்குப் போய்ப் பூட்டு கேட்டேன். கடைக்காரர் என் வண்டிக்குப் பல வருஷமாகப் பஞ்சர் ஒட்டுகிறவர். "இன்னா சார், இப்போ போயி பூட்டு?" என்றார். சைக்கிளை அவர் பக்கம் தள்ளினேன். மாட்டிக்கொடுத்தார். சாவி சின்னது, சட்டைப் பையில் போட்டதும் இருக்கிறதா என்று திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

மறுநாள் காலை ஸ்டேஷன் ஸ்டாண்டில் மற்ற சைக்கிள்களுக்கு நடுவில் அதை நிறுத்திப் பூட்டினேன். கையை முட்டியில் ஊன்றினேன். குனிந்து நடந்தேன். கல்லூரிப் பிள்ளைகள், பூக்கூடைக்காரப் பெண்கள், தினமும் தலையாட்டுகிற ஆபீஸ்காரர்கள், எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள். பார்க்கவில்லை என்று எழுத ஆசைதான். பார்த்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. பாதியில் திரும்பிப் போய்ச் சைக்கிளை எடுத்துக்கொள்ளலாமா என்றுகூட நினைத்தேன். மயிலத்தில் அந்தப் பெண்ணை ஏற்றிவிட அவர் நின்றுகொண்டிருப்பாரே என்று நடந்தேன்.

வியாபாரி வழக்கமான இடத்தில் நின்றிருந்தார். நான் பக்கத்தில் வந்ததும் ஒதுங்கி வழிவிட்டார்.

"போங்க, போங்க" என்றார், முன்பின் தெரியாதவரிடம் சொல்வதுபோல.

"நான்தாங்க."

அவர் தலையைச் சாய்த்து என் பக்கம் காதைக் கொடுத்தார்.

"சைக்கிள் சத்தம் கேக்கலியே சார். நீங்க நடந்தா எப்படி கேக்கும்னு எனக்குத் தெரியாதே."

வண்டி வந்தது. ஏறி உட்கார்ந்தோம். பழக்கத்தில் அவர் பையை எடுத்து, ஹேண்டில்பார் இருக்கிற இடத்துக்குக் கையை நீட்டினார். அங்கே ஒன்றுமில்லை. பை காற்றில் நின்றது.

"இங்க குடுங்க" என்று வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

மயிலத்துக்கு வண்டி வேகம் குறைந்ததும் பையை அவரிடம் கொடுத்துவிட்டு, முட்டியில் கையை ஊன்றி எழுந்து, கதவருகே போய் நின்றேன்.